பல்பக்கா மறித்து நின்ற பிளக்

ஓசூர் வட்டாரத்தில் எல்லாருக்கும் பல்பு கொடுத்து, அதற்காகவே மரியாதையும் வாங்கிய ஒரே மனுஷி எங்கள் பல்பக்காதான். நிஜப் பெயர் சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எங்கள் கம்பெனியின் டெஸ்டிங் அறையில் நான் சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பவன். சோதிக்கும் கருவிகளைப் பழுது பார்ப்பவர் அக்கா. பழைய கருவி எதையும் நேராகக் கரண்டில் செருக விடமாட்டார். நடுவில் ஒரு குண்டு பல்பைக் கோத்துத்தான் சுவிட்சைப் போடுவார். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளீரென்று எரியும், கருவி தப்பிக்கும். ஒரு முறை மின்னி மங்கினால் பயமில்லை. குண்டு பல்பு கிடைப்பதே அரிதாகிவிட்டதால், தன் ஊரான தளியிலிருந்து பஸ்ஸில் வரும்போது அதைச் சாப்பாட்டுத் தூக்குப்போசிக்குள் துணி சுற்றி மடியில் வைத்து வருவார். கைக்குழந்தைக்காரிகள்கூட எழுந்து இடம் கொடுத்தார்களாம். சொன்னது அக்காவே, பாதியைக் கழித்துக்கொள்ளலாம்.

அக்கா வீட்டுக்கு வந்த புது மிக்ஸிக்கும் அதே சோதனைதான். பல்பு ஜோராக எரிந்தது, மிக்ஸி முனகியது, தேங்காய் அப்படியே கிடந்தது. மாமியார் எட்டிப் பார்த்து, "வெளிச்சம் வந்துருச்சு, சட்னி எப்ப வரும்?" என்றாராம்.

போன மழைக்காலத்தில், எங்கள் சோதனையை நேரில் பார்த்துப் பெரிய ஆர்டர் ஒன்றை முடிவு செய்யக் கோயம்புத்தூரிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. அன்று காலை பார்த்து, மின் அலையைத் திரையில் காட்டும் புது ஆசிலாஸ்கோப் படுத்துவிட்டது. ஆர்டர் போனால் எங்கள் அறையையே மூடிவிடுவார்கள் என்று பேச்சு. மேனேஜர் பீரோ மேலிருந்த பழைய ஆசிலாஸ்கோப்பை இறக்கி, தூசியோடு செருகினார். ஃபியூஸ் போயிற்று. மாற்றினார், அதுவும் போயிற்று. "பெரிய ஃபியூஸா போடுங்க" என்றார்.

அக்கா பிளக்கை மறித்து நின்றார்.

"ஃபியூஸு சொல்றது உங்களுக்குக் கேக்கலீங்களா சார்? பெருசு போட்டா டிரான்ஸ்பார்மரே வெந்துரும். அப்புறம் நானும் இல்ல, இதுவும் இல்ல."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா பல்பைக் கோத்தார். அது கல்யாண வீட்டு விளக்குபோல எரிந்தது. பிளக்கைப் பிடுங்கி, பெரிய கெபாசிட்டர்களில் தேங்கியிருந்த மின்சாரத்தை இறக்கினார். "புடுங்கின பிறகும் கடிக்கும்" என்று எங்களை விலக்கிவிட்டு, பவர் சப்ளையிலிருந்து போகும் லைன்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தார். மறுபடி செருகிய ஒவ்வொரு முறையும் பல்பு பழையபடி எரிந்தது. மேனேஜர் வாசலை எட்டி எட்டிப் பார்த்தார். அக்காவோ கருவியைத் தட்டிக்கொடுத்து, "சுவல்ப தாளப்பா" என்று பொறுத்துக்கொள்ளச் சொன்னார். மனிதர்களிடம் தமிழ், கருவிகளிடம் கன்னடம் அவருக்கு.

கடைசி லைனைக் கழற்றிச் செருகியதும் பல்பு மின்னி, மங்கி, அடங்கியது. அந்த லைனில் கடுகு மாதிரி ஒரு கெபாசிட்டர் ஷார்ட்டாகிக் கிடந்தது. மாற்றினார். திரையில் பச்சைக் கோடு நிமிர்ந்தபோது வாசலில் கார் வந்து நின்றது.

சோதனை ஒழுங்காக முடிந்தது, ஆர்டரும் கிடைத்தது. கிளம்பும்போது வந்தவர்களில் பெரியவர் அந்தப் பழைய திரையைத் தடவிப் பார்த்து, இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். மேனேஜர் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க அக்கா சார்."

பெரியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆமா, முகஜாடை தெரியுது" என்றார்.

அக்கா மறுக்கவில்லை. நானும்தான்.