டார்ச் அண்ணன் பார்க்காத ஒரு முடி

மலாக்கா மாநிலத்தில் வார்னிஷ் அடித்த எந்தப் பலகையும் டார்ச் அண்ணன் முன்னால் நிம்மதியாக இருந்ததில்லை.

சுங்கை ஊடாங் பக்கம் எண்ணெய்த் தொட்டிகளுக்கு அடித்த சாயத்தைச் சோதிப்பது அவர் வேலை. அவர் ஓய்வு பெற்றார், அவருடைய டார்ச்லைட் பெறவில்லை. எங்கள் ஆயர் குரோ தாமான் குடியிருப்பில் யார் வீட்டுக்குப் போனாலும் வெள்ளை மீசை உரச மேசையில் கன்னத்தை ஒட்டி வைத்து, டார்ச்சைப் படுக்கவைத்து, ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். மேடு பள்ளமெல்லாம் நிழல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. கோயில் அர்ச்சனைச் சீட்டில்கூட 'டார்ச்' என்றுதான் எழுதுவார்கள்.

ஒரு துக்க வீட்டில் சவப்பெட்டியை இரண்டு முறை சுற்றி வந்தவர், இறந்தவரின் தம்பியைத் தனியாக அழைத்தார். "தம்பி, மூடி இன்னும் சரியா காயல லா."

தம்பி அழுகையை நிறுத்திக்கொண்டு, "எடுக்க இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்குண்ணே, காஞ்சிடும்" என்றார்.

அதற்குப் பிறகு பலர் அவரை வீட்டுக்கு அழைப்பதை நிறுத்திவிட்டார்கள். அந்தப் பலரில் நானும் ஒருவன்.

மகளின் நிச்சயதார்த்தம் வந்தது. சம்பந்தி வீட்டார் தட்டு வைக்க எங்கள் பழைய தேக்கு மேசைதான். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கடையில கொடுக்கல சம்பந்தி, நானே தேச்சுப் புதுசாக்குறேன்" என்று போனில் பெருமை அடித்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் வார்னிஷ் அடித்தேன். தூசி வரக்கூடாதென்று ஜன்னலையெல்லாம் சாத்தினேன். யாரும் உள்ளே போகக்கூடாது என்று மனைவி கமலாவிடம் சொல்லிவிட்டு தெருமுனை மாமாக் சாப்பாட்டுக் கடைக்கு டீ குடிக்கப் போனேன். காலையில் தடவிப் பார்த்தால் ரவையைத் தூவினது போலச் சொரசொரப்பு. தேய்த்துவிட்டு அடுத்த வெள்ளி மறுபடி அடித்தேன். மறுபடி ரவை. பிரஷை மாற்றினேன், டின்னை மாற்றினேன், பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டினேன். மூன்றாவது வெள்ளியும் அதே கதை. நிச்சயத்துக்கு எட்டே நாள். வேறு வழியில்லாமல் டார்ச் அண்ணனை அழைத்தேன்.

வந்தார். கன்னம், டார்ச், ஒற்றைக் கண். பிறகு விரலால் தேய்த்து முகர்ந்து பார்த்தார்.

"எப்ப அடிச்ச?"

"நேத்து சாயந்திரம்ணே."

"அதுக்கு முந்தி?"

"போன வெள்ளி."

"அதுக்கும் முந்தி?"

"அதுவும் வெள்ளிதான்."

டார்ச் கமலா பக்கம் திரும்பியது. "தங்கச்சி, நேத்து இங்க யாரு வந்தா?"

"யாருமே வரலண்ணே. நானே உள்ள வரல."

"சாம்பிராணி?"

"அது போட்டேன். சாமி காரியம்லா, அதுக்கு வராம இருக்க முடியுமா?"

"எத்தன சுத்து?"

"வீட்டுக்கு மூணு. நல்ல காரியம் வருதேன்னு மேசைக்குத் தனியா ரெண்டு. விசிறியால நல்லா விசிறி விட்டேன்."

டார்ச் அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "புருஷன் ஜன்னலச் சாத்துறான், பொண்டாட்டி சாம்பல விசுறுறா. பாவம், மேசை எங்க ஓடும்?"

அதன் பிறகு தினமும் வந்தார். தரையில் தண்ணீர் தெளித்து, காற்றாடியை நிறுத்தி, தேய்த்துத் துடைத்து மெல்லிசாக அடித்தார். அடித்துவிட்டு வாசலில் நாற்காலி போட்டுக் காவல் இருந்தார். வெள்ளிக்கிழமை தூபக்காலை அவரே வாங்கி வாசலில் வைத்தார். "இந்த வாரம் சாமி இங்கயே வாங்கிக்கட்டும்."

சனிக்கிழமை கடைசியாகப் பார்த்துவிட்டு, "ஓகே லா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து யாருமே கேட்டதில்லை.

அவர் போன பிறகு எனக்கும் ஆசை வந்தது. கன்னத்தை ஒட்டி வைத்து, கைப்பேசி விளக்கைப் படுக்கவைத்துப் பார்த்தேன். வலது மூலையில், வார்னிஷுக்கு அடியில், சுருண்ட வெள்ளை முடி ஒன்று கிடந்தது. மீசை முடி. எங்கள் வீட்டில் மீசை வைத்தவன் நான் ஒருவன்தான். என் மீசைக்கு நான் மை அடிக்கிறேன்.

ஊரார் மேசையிலெல்லாம் கடுகளவு தூசியையும் பிடித்த கண், இதைப் பிடிக்கவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது என்று அப்போதுதான் உறைத்தது. அழைக்காமல் விட்ட நாள்களை நினைத்து வெட்கமாக இருந்தது.

"அவருகிட்ட சொல்லிடாதீங்க" என்றாள் கமலா.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலைத் தட்டை அந்த மூலையில் வைத்தோம். சம்பந்தி மேசையைத் தடவிப் பார்த்து, "கண்ணாடி மாதிரி இருக்கே! நீங்களே செஞ்சதா?" என்றார்.

"இல்ல சம்பந்தி, நான் கெடுத்தேன். அண்ணன்தான் செஞ்சாரு" என்று காட்டினேன். டார்ச் அண்ணன் கூச்சத்தோடு டார்ச்சைச் சட்டைப் பைக்குள் தள்ளினார்.

இப்போது வெள்ளிதோறும் எங்கள் வீட்டில்தான் அவருக்கு டீ. அவர் வருவதற்கு முன்பே கமலா வாழைப்பழத் தட்டை அந்த மூலைக்கு நகர்த்திவிடுவாள். பழம் இல்லாத நாளில், அவர் எழுந்து போகும்வரை, நான் அங்கே கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.