சம்பந்தி பார்க்க வந்த டெலிவிஷன்

"இப்பத் தெரியுதா அண்ணாச்சி?" மொட்டைமாடியிலிருந்து ராஜதுரை கத்தினான்.

"தெரியுது," என்றார் தேவபிரசாதம்.

"என்ன தெரியுது?"

"அதே புள்ளிதான்."

மத்தியானத்திலிருந்து இதே பேச்சுத்தான். மேலே ராஜதுரை ஏரியலைக் கடலைப் பார்த்துத் திருப்புவான். கீழே பெட்டியில் வெள்ளைப் புள்ளிகள் கொஞ்சம் இடப்பக்கமாக ஓடும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் வலப்பக்கமாக ஓடும். அதற்கு மேல் ஒரு முன்னேற்றமும் இல்லை.

தேவபிரசாதம் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் கிளார்க். கஸ்டம்ஸ் ஏலத்தில் அந்த டெலிவிஷனை எடுத்தது தான் பார்ப்பதற்காக இல்லை. மகள் ரோசுக்கு சாத்தான்குளம் எஸ்றா வாத்தியார் வீட்டில் சம்பந்தம் பேசியிருந்தது. பையன் தங்கமான பையன், ரோசுக்கும் பிடித்துப் போயிற்று. நகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசாத வாத்தியார், டெலிவிஷன் மட்டும் வேண்டும் என்றார். அதோடாவது விட்டாரா?

"பெட்டி மட்டும் வந்தாப் போதாது. படம் ஓடுதத என் கண்ணால பார்த்த பெறவுதான் நாள் குறிப்பேன்," என்றுவிட்டார்.

வேதாகமமும் கையுமாக இருக்கிற மனுஷனுக்கு இத்தனை சந்தேகமா என்று தேவபிரசாதத்துக்குக் கசந்தது. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர், மென்று விழுங்கிக்கொண்டார். வாத்தியார் மறுநாள் சாயங்காலம் வருகிறார்.

ராஜதுரை ரேடியோ மெக்கானிக். டெலிவிஷனை அதுவரை தொட்டதில்லை. அதை வாய்விட்டுச் சொல்லுகிற ரகமும் இல்லை.

"சிலோன் ரேடியோ இங்கன பக்கத்து வீட்டுல பேசுத மாதிரி கேக்குல்லா அண்ணாச்சி? இப்பக் கொழும்புல டெலிவிஷனும் ஆரம்பிச்சிட்டான். பாட்டு கடலத் தாண்டி வாரப்ப, படம் வராமலா போவும்?"

தூத்துக்குடியில் இந்த நியாயத்தை மறுத்துப் பேச ஆள் கிடையாது. தேவபிரசாதமும் மறுக்கவில்லை.

"உயரம் பத்தல," என்று சொல்லிவிட்டுப் போன ராஜதுரை, திரேஸ்புரத்தில் ஒரு தோணிக்காரரிடம் கிடந்த பழைய பாய்மரக் கம்பைத் தோளில் சுமந்து வந்தான். நுனியில் ஏரியலைக் கட்டி மாடியில் நட்டான். அரைத்தெருவும் நின்று அண்ணாந்து பார்த்தது. அடுத்தாற்போல் கடல்காற்று கிளம்பியது.

கம்பு அடுக்களைப் பக்கம் சாய்ந்தது. சம்பந்திக்காக முந்திரிக்கொத்து சுட்டுக்கொண்டிருந்த மனைவி கிருபாபாயின் தலைக்கு மேலே ஓட்டைப் பிளந்துகொண்டு ஏரியல் உள்ளே இறங்கியது.

"ஏங்க, கொழும்பு அடுக்களைக்கே வந்துட்டு. வந்து பாருங்க," என்றாள் அவள், கரண்டியைக் கீழே வைக்காமல்.

"வெளிய கோளாறு இல்லன்னா உள்ளதான் அண்ணாச்சி," என்று ராஜதுரை பெட்டியின் முதுகைக் கழற்றினான். ஊதினான், துடைத்தான், கண்ணில் பட்டதையெல்லாம் முறுக்கினான். திரும்ப மூடியபோது ஒரு ஸ்க்ரூ மிச்சம் நின்றது. அதுவரை புள்ளிகளோடு ஒரு இரைச்சலாவது கேட்டுக்கொண்டிருந்தது. இப்போது அதுவும் போயிற்று.

"அந்த ஸ்க்ரூ சும்மா அழகுக்குப் போட்டது," என்றான் ராஜதுரை.

ரோஸ் கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் போனபிறகு மெல்லக் கேட்டாள்.

"அப்பா, இதுக்காவ வேண்டாம்னு சொல்லிருவாவளா?"

அவர் மிச்சம் நின்ற ஸ்க்ரூவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை கப்பலில் கொழும்புக்காரச் சமையல்காரர் ஒருவரைப் பார்த்ததும் தேவபிரசாதம் ஓடிப்போய் விசாரித்தார். அவர் சிரித்தார். கொழும்பைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனாலே அந்தப் படம் தெரியாதாம்.

தேவபிரசாதம் வெயிலில் அப்படியே நின்றார். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். யார் நம்புவார்கள்? ஓட்டைப் பெட்டியை வாங்கி வைத்துக்கொண்டு கதை அளக்கிறான் என்பார்கள். ரோஸ் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது. ஞாயிறுதோறும் கோவிலில் வேதபாடம் வாசிக்கிற அந்த மனுஷர், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திருட்டுத்தனத்துக்குத் துணிந்தார். வீட்டுக்கு வந்ததும் டிரான்சிஸ்டரில் சிலோனை வைத்து, டெலிவிஷனுக்குப் பின்னால் ஒளித்துவிட்டார்.

எஸ்றா வாத்தியார் சொன்னபடி வந்தார். மனைவியை இழந்தவர். கூடவே மூத்த மருமகள் அற்புதமணி வந்திருந்தாள். வந்ததிலிருந்து தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். வாத்தியார் காப்பியைக்கூடத் தொடாமல் பெட்டிக்கு நேரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

புள்ளிகள் ஓடின. பின்னாலிருந்து ஒரு பெண் பாடினாள்.

"பாட்டு கணீர்னு கேக்கு," என்றார் வாத்தியார். "பாடுதவ எங்க?"

"இப்பத் தெளிஞ்சிரும் ஐயா," என்றான் பெட்டியோரம் நின்ற ராஜதுரை. "கடல்ல இன்னிக்கிக் காத்து ஜாஸ்தி."

வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு புள்ளிகளுக்குள் அவளைத் தேடினார். தேவபிரசாதத்துக்குச் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. பாட்டு முடியட்டும், ஏதாவது சொல்லி அணைத்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்கையில் கரண்ட் போயிற்று.

மின்விசிறி நின்றது. பெட்டி இருண்டது. பாட்டு மட்டும் நிற்கவில்லை. சாவகாசமாகப் பாடி முடித்தது. அடுத்து ரேடியோவில் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மரண அறிவித்தல் வாசிக்கத் தொடங்கினார்.

செத்தவருடைய மக்கள், மருமக்கள் எல்லாருடைய பேரையும் அந்த வீடு மரியாதையாகக் கேட்டது. வாத்தியார் எழுந்துபோய்ப் பெட்டிக்குப் பின்னால் கையைவிட்டு டிரான்சிஸ்டரை எடுத்தார்.

"இது என்ன சம்பந்தி?"

தேவபிரசாதத்துக்கு அவமானமாக இருந்தது. ஆனால் ஒளிக்க இனி ஒன்றும் இல்லை என்றானதும் நெஞ்சு லேசாகவும் ஆயிற்று.

"தப்புதான். மன்னிச்சிருங்க. புள்ளிக்குமேல ஒண்ணும் வரல. பெட்டி மேல குத்தம் இல்ல. கொழும்புக்காரர் ஒருத்தர்ட்ட விசாரிச்சிட்டேன். அந்தப் படம் இந்தக் கரைக்கு எட்டாதாம். நம்ம ஜில்லாவுல எந்த வீட்டுல, எந்தப் பெட்டிய வச்சாலும் இதேதான். என் மவ மேல கோவப்படாதிய."

எஸ்றா வாத்தியார் மரண அறிவித்தலை நிறுத்தக்கூடத் தோன்றாமல் டிரான்சிஸ்டரைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். முகம் வெளுத்திருந்தது.

அற்புதமணி முதல் தடவையாகத் தலையை நிமிர்த்தினாள். கண் நிறைந்திருந்தது.

"அப்ப நம்ம வீட்டுல ஒரு வருசமா புள்ளியா ஓடுதே, அந்தப் பெட்டியும் நல்ல பெட்டிதான மாமா? ஓட்டப் பெட்டியக் குடுத்து ஏமாத்திட்டாருன்னு எங்க அப்பாவ வாசப்படி ஏறவிடாம வச்சிருக்கியளே, நாளைக்கு வரச் சொல்லட்டா?"