நான்காவது முறை ஒப்புக்கொள்வதாக இருந்தேன்

1995 செப்டம்பர் 10, ஞாயிறு. டைரியில் உள்ளபடி: காலை 5.10 எழுந்தேன். 5.40 வாய்க்காலில் குளியல். 6.30 நாற்றங்காலுக்குத் தண்ணீர் கட்டினேன். 8.00 இட்லி, நான்கு. அதன் கீழே, "10.00 - தலைவராகிறேன்." (நடப்பதற்கு முன்பே நான் எழுதிவைத்த ஒரே குறிப்பு அதுதான். பிறகு அந்தத் தப்பைச் செய்ததில்லை.)

எங்கள் கட்சியின் ஊர்க் கிளைத் தலைவர் விசா கிடைத்து மஸ்கட்டுக்குப் போய்விட்டார். புதியவரைத் தேர்ந்தெடுக்க ரைஸ்மில் களத்தில் கூட்டம். எனக்கு முப்பத்திரண்டு வயது, பி.ஏ., ஐந்து வருடமாகக் கூட்டக் குறிப்பு எழுதிய கை. என்னை விட்டால் ஆளில்லை என்று ஊரே சொன்னது. நானும் சொன்னேன். கூடப் படித்தவர்களெல்லாம் வளைகுடாவிலிருந்து கார் பக்கத்தில் நின்று படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரோடு தங்கிவிட்ட எனக்கு அந்தப் பதவிதான் பதில்.

ஆனால் எங்கள் பக்கத்தில் பதவியைக் கொடுத்தவுடன் வாங்கிக்கொள்ளக் கூடாது. மூன்று முறையாவது மறுக்க வேண்டும். கூட்டம் கெஞ்ச வேண்டும். நான்காவது முறை தலையைக் குனிந்து ஒப்புக்கொள்ளலாம். மூன்று மறுப்பையும் கண்ணாடி முன் ஒத்திகை பார்த்திருந்தேன்.

தலைமை தாங்க வந்தவர் ஹசன் பாய். பன்னிரண்டு வருடம் துபாயில் ஸ்டோர் கீப்பராக இருந்துவிட்டு அந்த மாதம்தான் ஊர் திரும்பியவர். என் பெயரை முன்மொழிந்தார்கள். கைதட்டல். எழுந்து கைகூப்பினேன்.

"எனக்கெதுக்குங்க பதவி? வேற யாரையாவது போடுங்க."

ஹசன் பாய் தாளில் என் பெயரை அடித்தார். "சரி தம்பி. அடுத்து யாரு?"

"இல்ல பாய், நான் சொல்ல வந்தது என்னன்னா..."

"வேணாம்னு சொல்லிட்டீங்கல்ல? ஒருத்தரக் கட்டாயப்படுத்துறது தப்பு. உக்காருங்க."

கெஞ்ச வேண்டியவன் என் பெரியப்பா மகன் கோவிந்தன். (முதல் நாளே சொல்லிவைத்திருந்தேன்.) அவன் பின்வரிசையில் வடை வாங்கிக்கொண்டிருந்தான். அதற்குள் டிராக்டர் முருகையன் எழுந்துவிட்டார்.

"நான் இருக்கேன் பாய்."

பேருக்குக்கூட ஒரு மறுப்பு இல்லை! இரண்டே நிமிடத்தில் ஏகமனதாக முடிந்துவிட்டது. எனக்காக நானே வாங்கிவந்த பொன்னாடையை அவருக்குப் போர்த்தினேன். பிறகு உட்கார்ந்து, "பதவியை ஏற்க விருப்பமில்லை எனத் தெரிவித்தார்" என்று என்னைப் பற்றி நானே பிழையில்லாமல் குறிப்பு எழுதினேன்.

இன்றும் வீட்டில் இன்னொரு தோசைக்கு நான் "போதும்" என்று இழுத்தால், மனைவி அடுப்பை அணைத்துவிடுவாள். "வேணாம்னு சொல்லிட்டீங்கல்ல? கட்டாயப்படுத்துறது தப்பு." பிள்ளைகள் கைதட்டுவார்கள்.

கூட்டத்துக்கு மறுநாள் காலை முதல் வேலையாக, பல்லைக்கூடத் துலக்காமல், பாபநாசத்துக்கு சைக்கிளை மிதித்தேன். என் படம் போட்டு இருநூறு நன்றி நோட்டீஸ் அடிக்கச் சொல்லியிருந்தேன். அதை நிறுத்த வேண்டும். ஏழு மணிக்கு அச்சகக்காரர் கதவைத் திறந்தார். உள்ளே கட்டு, கயிறு போட்டுத் தயாராக இருந்தது.

"வாங்க தலைவரே!" என்றார்.