இரு பக்கமும் சமமாகாத கால்சட்டை

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

நீங்களும் அக்காவும் சௌக்கியமாக இருக்க வேண்டும். இங்கே உங்கள் தங்கை நலம். நான் நலமாக இல்லை என்பது அவளுடைய அபிப்பிராயம்.

பள்ளி இறுதித் தேர்வில் அல்ஜீப்ரா கட்டாயமா வேண்டாமா என்று முடிவு செய்யும் குழுவில் உங்களைப் போட்டிருக்கிறார்களாமே. தயவுசெய்து வேண்டாம் என்று கையைத் தூக்குங்கள். உங்கள் மருமகள், என் பெண், மற்ற எல்லாப் பாடத்திலும் தேறி, இதில் மட்டும் மூன்று முறை கோட்டை விட்டிருக்கிறாள். நர்ஸிங் பள்ளியில் இடம் தயார். சான்றிதழ் இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அடுத்த மாதம் கடைசி வாய்ப்பு. பிள்ளை அழுவதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

சொல்லிக்கொடுக்கலாமே என்று நான் அந்தப் புத்தகத்தைத் தையல் மேசைமேல் விரித்ததுதான் வினை. முதல் பக்கத்திலேயே 'தெரியாததை எக்ஸ் என்று வைத்துக்கொள்' என்றிருந்தது. என்ன பெருந்தன்மை பாருங்கள். தெரியாது என்றால் திட்டாமல், ஒரு பெயர் வைத்து உட்காரச் சொல்கிறார்கள். அன்று முதல் மதிய வெயில் மேசையில் விழுந்தாலே போதும், கை பாட்டுக்குத் தைக்க, மனசு எங்கேயோ மிதக்க, இஸ்திரிப் பெட்டியின் ஆவிகூட எக்ஸ் எக்ஸாக எழும்ப, ஓர் அம்மாளின் இடுப்பளவை எக்ஸ் என்றே குறித்துக்கொண்டேன். அவருக்குப் பரம திருப்தி. அந்த மிதப்பில்தான் பாங்க் மேனேஜரின் கால்சட்டை வந்தது. இடது கால் ஓரங்குலம் நீளம். ஓரங்குலம் உள்ளே மடித்துத் தைத்தேன், சரியாகிவிட்டது. பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தது: 'ஒரு பக்கம் செய்ததை மறுபக்கமும் செய்.' மீறலாமா? வலதையும் மடித்தேன். பார்த்தால் மறுபடி இடது நீளம். இப்படியே நாலு சுற்று. போட்டுப் பார்த்த மேனேஜர், "என்னங்க, வெள்ளத்துல நடக்கவா தைச்சீங்க?" என்றார். "சமன்பாடு சார்" என்றேன். இப்போது புத்தகத்தை உங்கள் தங்கை பீரோவில் பூட்டிவிட்டாள். சாவி எங்கே என்றால் எக்ஸ் என்கிறாள்.

ஆகவே ஒரு நல்ல தையல்காரனைக் கெடுத்து, ஒரு நல்ல நர்ஸைத் தடுக்கும் இதை எடுத்துவிடுங்கள். அக்காவுக்கு என் வணக்கம், வீட்டுச் சின்னவர்களுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையைக் கட்டிக்கொண்ட தையல்காரன்

பி.கு.: உறையில் போடச் சொல்லிக் கடிதத்தை உங்கள் மருமகளிடம் கொடுத்தேன். படித்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு சாக்கட்டியை எடுத்து மேசையிலேயே எழுதினாள்: இடது காலில் நாலு மடிப்பு, வலது காலில் எக்ஸ் மடிப்பு. நாலே வரியில், எக்ஸ் மூன்று என்றாள். வலதில் ஒரு மடிப்பைப் பிரித்தோம். இரண்டு காலும் சமம். "இப்ப ரெண்டு பக்கமும் மூணு மூணு பிரிங்கப்பா. விதி அதானே" என்றாள். கால்சட்டை முழு நீளத்துக்கு இறங்கி நின்றது. எக்ஸ் என்றால் என்னம்மா என்று கேட்டேன்.

"நீங்க உள்ள மடிச்சு வைக்கிற துணிதான்ப்பா. வெளிய தெரியாது. ஆனா அங்கதான் இருக்கு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது, மச்சான். மேலே எழுதியது எதையும் கண்டுகொள்ள வேண்டாம். கையை இறக்கியே வைத்திருங்கள். அவள் எழுதித் தேறட்டும். அந்த அம்மாளின் இடுப்பளவு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.