அமெரிக்கப் பெட்டியின் அலறல்

காபி போடலாமென்று வேனின் பின்கதவைத் திறந்ததுதான் தாமதம், உள்ளே பெட்டி வீலென்று அலறியது. டிரைவர் துரைக்கண்ணு துள்ளிப் பின்வாங்கினான்.

அம்மையார்குப்பத்துத் தறி முதலாளி நாகராஜன், கோயில் குளம் சுற்றுவதற்காகப் படுக்கையும் கேஸ் அடுப்பும் வைத்துக் கட்டிய வேன் அது. பெட்டி அமெரிக்காவிலிருந்து அவருடைய பாவா, அதாவது அக்காள் கணவர், அனுப்பியது. கத்தினால் கேஸ் கசிகிறது என்று அர்த்தமாம். முதலாளிதான் சொன்னார். நேற்று அதை மாட்டிய அவருடைய மச்சான் தணிகாசலம், "பொறப்படறதுக்கு முன்ன பொத்தானை அமுக்கிப் பாருப்பா" என்று துரைக்கண்ணுவிடம் சொல்லியிருந்தார்.

துரைக்கண்ணு அமுக்கவில்லை. பயம். அதற்குப் பதிலாகப் பெட்டிக்குச் சந்தனம், குங்குமம் வைத்துக் கும்பிட்டுவிட்டு வண்டியைத் திருத்தணிக்கு ஓட்டிவந்தான். தணிகாசலம் மொட்டை போட மலைக்குப் போயிருந்தார்.

சமையலுக்கு வந்த துரைக்கண்ணுவின் மனைவி வசந்தி முன்சீட்டில் இருந்தாள். ஐந்து மாதக் கர்ப்பம்.

"எறங்குடி! கேஸு!"

அவள் இறங்கி ஓடினாள். முதலாளி அவளுக்கு முன்பே புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டிருந்தார்.

"இன்னாய்யா பாத்துகினு நிக்கற? அடுப்பை மூடு!"

துரைக்கண்ணு மூச்சை அடக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். அடுப்பின் திருகுகளைத் திருகினான். எந்தப் பக்கம் திருகினோம், மூடினோமா திறந்தோமா என்று அவனுக்கே தெரியாது.

"இன்னும் கத்திகினே கீது மொதலாளி!"

"இன்னொரு கதவையும் தெற! காத்து வரட்டும்!"

வெளியே குதித்து அதையும் திறந்தான். அலறல் தெருமுனை வரை கேட்டது. பூக்காரர் கூடையைப் போட்டுவிட்டு ஓடினார்.

இனி மனிதனால் ஆகாது. "முருகா! அதும் வாயை மூடிடு, நானும் மொட்டை போடறேன்!" மலையைப் பார்த்துக் கும்பிடக் கதவுகளைப் பிடித்திருந்த இரண்டு கையும் வேண்டுமே. கதவுகளை முதுகால் தள்ளிச் சாத்திவிட்டுக் கைகூப்பினான்.

பெட்டி கப்சிப்.

துரைக்கண்ணு அழுதே விட்டான். முதலாளியும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். படபடப்பு அடங்கும்வரை எல்லோரும் மரத்தடியில் உட்கார்ந்து முருகனின் பெருமையைப் பேசினார்கள்.

"கேஸு பூட்ச்சு. காபி போடும்மா" என்றார் முதலாளி.

வசந்தி தீப்பெட்டியும் கையுமாகப் பின்கதவை நோக்கி நடந்தாள். அப்போதுதான் மொட்டைத் தலையோடு இறங்கி வந்த தணிகாசலம், நடந்ததைக் கேட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"அட போப்பா! அமெரிக்கா பாவா ரெண்டு பெட்டி அனுப்பினாரு. இது பின்கதவைத் தெறந்தா கத்தற திருடன் பெட்டி. கேஸ் பெட்டியோட பேட்டரியைக் கழட்டித்தான் இதுக்குப் போட்டேன்!"