கதவுக்கு இந்தப் பக்கம் அல்காரிதம்

“இது யார் பங்கு?” என்று, பாதி தோல் சீவிய ஓர் உருளைக்கிழங்கைத் தூக்கிப் பிடித்துக் கேட்டார் மேற்பார்வையாளர்.

“எனக்கு வந்ததுல பாதியை அப்பாகிட்ட தள்ளிட்டேன்,” என்றான் அவருடைய தம்பி.

“எனக்கு வந்ததுல பாதியை அவன்கிட்டயே திருப்பிட்டேன்,” என்றார் அப்பா, செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

“அப்ப சீவினது யாரு?”

ஒரு கூடைக் கிழங்கு பாதி பாதியாகக் கைமாறி, சோபாவில் ஒன்று, டிவி மேல் ஒன்று, செருப்பு அலமாரியில் ஒன்று என்று வீடு முழுக்கக் குடியேறியிருந்தது. அந்தப் பாதி சீவிய கிழங்குகூட மேற்பார்வையாளரே ஆர்வக் கோளாறில் தொடங்கி வைத்ததுதான்.

பேருந்துப் பணிமனையில் அவர் விசில் ஊதினால் பேருந்துகள் பின்னால் நகரும். வீட்டில் ஊதினால் அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொள்வார்.

இந்தக் கூத்துக்கெல்லாம் காரணம், சாத்திய கதவுக்குப் பின்னால் இருந்தது. அவர் மனைவி, கல்யாணமாகிப் பல வருடம் கழித்து, கணினி அறிவியலில் மேல்படிப்புப் படித்துக்கொண்டிருந்தாள். எல்லாப் பாடமும் தேறியாயிற்று, ஒரு வேலையைப் படிப்படியாக முடிக்கும் முறைகளைச் சொல்லும் அல்காரிதம் ஒன்றைத் தவிர. போன தடவை பரீட்சைக்கு முதல் நாள் பார்த்து இவருடைய பணிமனை நண்பர்கள் சாப்பிட வந்தார்கள். அவள் கரண்டியைக் கீழே வைக்கவே நேரமில்லை. மறுநாள் போய் எழுதிவிட்டு வந்தாள், பெயில். அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால்கூட அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். இந்தத் தடவையும் கோட்டை விட்டால் படிப்பை மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று கல்லூரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

“பரீட்சை முடியற வரைக்கும் நீ சமையலறைப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது. நாங்க மூணு ஆம்பளைங்க எதுக்கு இருக்கோம்?” என்று மேற்பார்வையாளர் மார்தட்டினார்.

எதுக்கு இருக்கிறார்கள் என்பது கிழங்கைப் பார்த்தாலே தெரிந்தது. அவர் கதவை மெல்லத் தட்டினார்.

“நீ சத்தம் போட்டுப் படிச்சது காதுல விழுந்துச்சும்மா. பெரிய வேலையைப் பாதியாப் பிரி, அதை மறுபடி பாதியாப் பிரின்னு. பிரிச்சேன். வேலை முடியவே மாட்டேங்குது.”

“எங்க நிறுத்தணும்னு சொன்னீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“இல்லியே.”

“அதைச் சொல்லலேன்னா பிரிச்சுக்கிட்டே போகுங்க. இனிமே பிரிக்க வேணாம், செய்யிங்கற இடம் ஒண்ணு வேணும். அப்புறம் பிரிச்சதை எல்லாம் ஒண்ணு சேர்க்கணும்.” கூடவே, “இது பரீட்சைக்குக் கட்டாயம் வர்ற கேள்வி. உங்களால எனக்கு இப்ப மறக்கவே மறக்காது,” என்றாள்.

அவ்வளவுதான், மேற்பார்வையாளருக்குத் தலைகால் புரியவில்லை. சமைத்துப் போட்டது மாதிரியும் ஆயிற்று, பாடம் சொல்லிக் கொடுத்தது மாதிரியும் ஆயிற்று! இனி அவள் படிக்கிற ஒவ்வொரு முறையையும் வீட்டில் செய்து காட்டிவிடுவது என்று முடிவு கட்டினார். தம்பி அன்றைக்கே கிழங்கு மூட்டை மாதிரி சோர்ந்து உட்கார்ந்துவிட்டான்.

அடுத்தது பேராசை முறை. “அந்த நேரத்துக்கு எது சுலபமோ அதை எடுத்துக்கணும். பின்னால என்ன ஆகும்னு யோசிக்கக் கூடாது,” என்று விளக்கினார்.

“இதைத்தான் உன் தம்பி பொறந்ததுலேருந்து பண்றான்,” என்றார் அப்பா.

பாத்திரம் தேய்ப்பதில் அது அமலுக்கு வந்தது. ஸ்பூன், டம்ளர், கிண்ணம் என்று கைக்கு இலகுவானதையெல்லாம் தம்பி பளபளவென்று தேய்த்தான். அடிப்பிடித்த பெரிய பாத்திரம் நாளைக்கு என்று ஒதுங்கியது. நாளைக்கும் ஸ்பூன்கள் இருந்தன. சீக்கிரமே, வீட்டில் சுத்தமாக இருந்தவை ஸ்பூன்கள் மட்டுமே. காபி கொதிக்க வைக்கிற பாத்திரத்திலேயே முட்டையையும் வேக வைக்க வேண்டியதாயிற்று.

“டேய், இந்தக் காபி கொக்கரிக்குதுடா,” என்றார் அப்பா, ஒரு வாய் குடித்துவிட்டு.

மனைவி அன்று காலை பேனாவும் கையுமாக வெளியே வந்தாள். “சாருகிட்ட ஒரு சந்தேகம் கேட்கணுங்க, கல்லூரி வரைக்கும் போயிட்டு வந்துடறேன்.” மதியத்துக்கு மேல் திரும்பினாள். முகம் கழுவி விட்டது மாதிரி தெளிந்திருந்தது.

“சந்தேகம் தீர்ந்துச்சா?”

“சுத்தமாத் தீர்ந்துச்சு. ஆனா பரீட்சையைத் தள்ளி வெச்சுட்டாங்களாம். இன்னும் கொஞ்ச நாள் படிக்கணும்.”

“படி, படி. இங்க ஒரு குறையும் இல்ல,” என்றார் மேற்பார்வையாளர், அடிப்பிடித்த பாத்திரத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

தள்ளிப்போன பரீட்சைக்குத் தகுந்தாற்போல் புதிய முறையும் வந்தது. ஒரு தடவை கண்டுபிடித்த விடையைத் திரும்பக் கண்டுபிடிக்கக் கூடாது. எடுத்து வைத்துக்கொண்டு, கேட்கும்போது அதையே கொடுக்க வேண்டும். மேற்பார்வையாளர் விடுமுறை நாளில் விழுந்து விழுந்து சமைத்தார். எல்லாவற்றையும் ஒரே மாதிரி டப்பாக்களில் அடைத்து ஃபிரிட்ஜுக்குள் திணித்தார். காலையில் போட்ட காபியைச் சாயங்காலம் சுட வைத்துக் கொடுத்தார்.

“மணி என்னடா?” என்று அப்பா சாயங்காலம் கேட்டார்.

“ஏழு,” என்றான் தம்பி.

“வெயில் அடிக்குதேடா!”

“காலையில நீங்க கேட்டப்ப ஏழுதான். திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு அண்ணன் உத்தரவு.”

எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று எழுதி ஒட்ட யாருக்கும் தோன்றவில்லை. ஒன்றைத் தேட எல்லாவற்றையும் திறந்தார்கள். திறந்ததைத் திரும்ப அடுக்கினால் கதவு மூடவில்லை. மூடாத கதவோடு வேலைக்குப் போய் வந்தால், ஃபிரிட்ஜ் உருகிச் சமையலறை முழுக்கத் தண்ணீர். அப்பா செய்தித்தாளோடு நாற்காலி மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

மேற்பார்வையாளர் மனைவியின் அறைக் கதவருகே போய் நின்றார்.

“என்னால முடியலம்மா. ஒண்ணை நேராக்கப் போனா ரெண்டு கோணலாகுது. போன தடவை மாதிரி இந்தத் தடவையும் நானே உன்னைக் கவுத்துடுவேனோன்னு பயமா இருக்கு.”

உள்ளேயிருந்து, “அப்படியெல்லாம் சொல்லாதீங்க. இப்படி நிம்மதியா நான் படிச்சதே இல்ல,” என்றாள். குரலில் உண்மையிலேயே ஒரு குழைவு இருந்தது. “கொஞ்சம் டீ மட்டும் கிடைக்குமா?”

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தண்ணீரைத் துடைத்தார்கள். முறையாவது ஒன்றாவது என்று மூன்று பேரும் சமையலறையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றார்கள். அப்பா வெங்காயம் நறுக்கி அழுதார். தம்பி பெரிய பாத்திரத்தை முதலில் தேய்த்தான். மேற்பார்வையாளர் உப்பு பார்த்தார், காரம் பார்த்தார், ஒன்றுமே கெட்டுப்போகாதது கண்டு தாமே சந்தேகப்பட்டார். அப்பா ஒரு கவளம் வாயில் போட்டுக்கொண்டு, “சாப்பாடு மாதிரியே இருக்குடா,” என்றார். அவரிடமிருந்து அதற்கு மேல் பாராட்டு இந்த வீட்டில் யாருக்கும் கிடைத்ததில்லை.

அப்புறம் தினமும் அப்படியே ஓடியது. தட்டு கதவுக்குள் போகும், காலியாகத் திரும்பும். சில சமயம் உள்ளே மெல்லிய சிரிப்புகூடக் கேட்கும். கணக்கு பிடிபட்டுவிட்டது போலிருக்கிறது என்று மேற்பார்வையாளர் பூரித்துப்போவார். அவள் கன்னம்கூடக் கொஞ்சம் உப்பியிருந்தது. பரீட்சைதான் வந்தபாடில்லை. கேட்கும்போதெல்லாம், “மறுபடி தள்ளிட்டாங்க,” என்றாள்.

“அந்த வாத்தியார் மனுஷன்தானா?” என்று அவர் பணிமனையில் எல்லோரிடமும் பொருமினார்.

ஒரு சாயங்காலம் அழைப்பு மணி அடித்தது. தோளில் மாவோடு போய்க் கதவைத் திறந்தார். மனைவியோடு படிக்கிற பெண் நின்றுகொண்டிருந்தாள், கையில் காகிதம் சுற்றிய தடிமனான புத்தகம்.

“அக்கா இருக்காங்களா அண்ணா?”

“மெதுவாப் பேசும்மா, உள்ளே படிச்சிட்டிருக்கா. பரீட்சையைத் தள்ளித் தள்ளிப் போட்டு உங்க சார் இவளைப் படுத்தற பாடு இருக்கே! போகட்டும், இந்தத் தடவை மட்டும் எப்படியாவது பாஸாயிட்டான்னா எனக்கு அது போதும். புத்தகத்தைக் குடு, அல்காரிதமா?”

அந்தப் பெண் அவரையும், தோளிலிருந்த மாவையும், புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“எந்தப் பரீட்சை அண்ணா? அதான் எப்பவோ முடிஞ்சு அக்கா முதல் மார்க்கும் வாங்கிட்டாங்களே! இது அவங்க படிச்சிட்டிருக்கற மர்மக் கதையோட அடுத்த பாகம்.”