பவர் மாத்தோணுமாம்

"இஞ்சேருங்கோ, கொம்பியூட்டரில எழுத்தெல்லாம் மங்கல் எண்டு சொன்னனானெல்லே? பவர் மாத்தோணுமாம்."

கனகலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். மனைவி செல்வமலர் வேலைக்குப் போகிற வழியில், லண்டன் கிங்ஸ்பரி பஸ் தரிப்பில் நின்று போனில் கதைத்தாள்.

"ஆர் சொன்னது?"

"கடையில கேட்டனான். பழசிலேயே புதுசைப் போடலாமாம். சில நேரம் அளவு பொருந்தாதாம். பாத்துத்தான்..."

அத்தோடு அவளுடைய போனில் டொப்-அப் முடிந்துவிட்டது.

கடை என்ற சொல்லே கனகலிங்கத்துக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஆம்பிளை ஒருவன் குத்துக்கல்லாட்டம் இருக்க, கடைக்காரன் எதற்கு? ஜெர்மனியில் இருந்த காலத்தில் ஓர் அயன்பொக்சைத் தன்னந்தனியாகத் திருத்தியவர் அவர். அது பிறகு வேட்டியைச் சுட்டது வேறு கதை.

ஆனால் இது விளையாட்டு விஷயம் இல்லை. செவ்வாய்க்கிழமை செல்வமலருக்கு சிட்டிசன்ஷிப் சோதனை. ஏற்கெனவே ஒருமுறை கோட்டை விட்டாயிற்று. இந்த முறை பாஸ் பண்ணினால்தான் பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்தால்தான் கனடாவில் இருக்கிற தம்பியிடம் போகலாம். கலியாணத்துக்குப் பிறகு அவள் தம்பியைக் கண்டதே இல்லை. பயிற்சிக் கேள்விகள் ஒரு சீடியில் இருந்தன. ஷிப்ட் முடிந்து வந்து, மூக்கு திரையில் முட்ட அவள் படிப்பதைப் பார்க்க அவருக்குப் பாவமாக இருக்கும்.

மோர்டனில் இருக்கிற கூட்டாளி கிறிஸ்துநாயகத்துக்குப் போன் போட்டார்.

"மச்சான், கொம்பியூட்டர் மங்கலாத் தெரியுதாம்."

"மங்கலெண்டால் பவர் சப்ளை சாகப்போகுது. இனி ஒன் பண்ணிப்போடாதை. உள்ளுக்க இருக்கிறதெல்லாம் எரிஞ்சுபோம்."

கிறிஸ்துநாயகம் போன் கார்ட் விற்பவர். ஆனாலும் தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

எனவே கனகலிங்கம் அதை ஒன் பண்ணியும் பார்க்கவில்லை. நேரே டொட்டன்ஹாம் கோர்ட் ரோட்டுக்குப் போய், புது பவர் சப்ளை ஒன்றை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். மேசைக்குக் கீழே இருந்த கொம்பியூட்டர் பெட்டி ஜெர்மனியிலிருந்து காரில் வந்தது. வெள்ளையாக வந்து, லண்டனில் மஞ்சளாகிவிட்டது. மூடியைத் திறந்து பழைய பவர் சப்ளையைக் கழற்றினார். புதுசை உள்ளே விட்டார்.

அது இரண்டு விரல் நீளம் கூட. சீடி ட்ரைவில் போய் இடித்தது.

சீடி ட்ரைவைக் கழற்றிப் பெட்டியின் தலையில் வைத்தார். இப்போது உள்ளே போனது. ஆனால் நாலு ஆணி ஓட்டையில் ஒன்றுதான் ஒத்துவந்தது. ஒற்றை ஆணியில் அது குடிவெறிகாரன் மாதிரிச் சரிந்து நின்றது. பின்பக்கத் தகட்டைக் கொஞ்சம் வெட்டினால் நிமிரும் என்று, கோழி வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்து வந்தார். தகடு வெட்டுப்பட்டது. ஒத்துவந்த அந்த ஒற்றை ஓட்டையும் அதோடு போய்விட்டது.

"மச்சான், உள்ளுக்க நிக்குதில்லை."

"வெளியில வை. காத்துப் படும், நல்லது."

வெளியில் வைத்து, வேட்டி பெல்ட்டால் பெட்டியோடு சேர்த்து இறுக்கினார். அடுத்தது பெரிய பிளக். பெட்டிக்குள் அதைச் சொருகுகிற பலகையில் இருந்த இடத்தை விட அது அகலம். நாலு கம்பி மிச்சம்.

"மிச்சத்தை வெட்டிவிடு" என்றார் கிறிஸ்துநாயகம்.

"எந்தப் பக்கம்?"

"நீ எந்தப் பக்கம் நிண்டு பாக்கிறாய்?"

கனகலிங்கம் போனை வைத்துவிட்டார். கோபத்தில் பிளக்கை ஓர் இழுப்பு இழுக்க, அந்த நாலும் கையோடு வந்தது. உடைத்துவிட்டேனே என்று கதிரையில் குந்திவிட்டார். செவ்வாய்க்கிழமைக்கு இனி வேறு கொம்பியூட்டருக்கு எங்கே போவது? கண் கலங்கியது. பிறகு உற்றுப் பார்த்தால், தேவையில்லாவிட்டால் கழற்றுவதற்கென்றே அதை அப்படிச் செய்திருந்தார்கள்.

பிளக் கிளிக் என்று உட்கார்ந்தது. கடவுளே என்று சுவிட்சைப் போட்டார். காற்றாடி சுற்றியது. திரை பளிச்சென்று வந்தது. சீடியும் ஓடியது. கனகலிங்கம் தனியே நின்று கைதட்டினார். பெட்டியின் கோலத்தை மட்டும் மேசை விரிப்பைக் கீழே இழுத்துவிட்டு மறைத்தார்.

செல்வமலர் பிந்தித்தான் வந்தாள்.

"பஸ் மாறி ஏறி, வெம்பிளிக்குப் போயிட்டனப்பா."

பாவம், களைப்பு என்று நினைத்தார்.

"ஒண்டும் கதையாதையும். இதில இருந்து திரையைப் பாரும். இப்ப எப்பிடி?"

அவள் குனிந்தாள். இன்னும் குனிந்தாள். மூக்கு திரையில் முட்டியது.

"அதே மங்கல்தான்."

கனகலிங்கத்துக்கு, சோதனை, பாஸ்போர்ட், தம்பி எல்லாமே அந்த மங்கலுக்குள் போய்விட்டதாகத் தோன்றியது. கடையிலேயே கொடுத்திருக்கலாம். இவ்வளவு நேரம் வெட்டியதும் கட்டியதும் எதற்கு?

"உம்மட சோதினையை நானே கெடுத்துப்போட்டன்" என்றார்.

"ஏனப்பா? நான் இந்த முறை பாஸ்தான். இருந்து பாருங்கோ" என்று அவள் சிரித்தாள்.

தன்னைத் தேற்றுகிறாள் என்று அவருக்கு இன்னும் கவலையாகிவிட்டது. அந்த நேரம் வீட்டுப் போன் அடித்தது. கனகலிங்கம்தான் எடுத்தார்.

"அங்கிள், நான் துஷ்யா, கண்ணாடிக் கடையில இருந்து கதைக்கிறன். அன்ரி தந்திட்டுப் போன பழைய பிரேமிலேயே புதுப் பவர் போட்டாச்சு, ஒண்டையும் வெட்டாமல் அப்பிடியே பொருந்தியிட்டுது."